ரங்கூனிலிருந்து பார்த்தால் தெரிகிற வாசகர் உலகம்

சென்னைப் புத்தகக் காட்சி நடக்கிற ஜனவரி மாதத்தில் என் போனைத் திறந்தால் ஒவ்வொரு செயலியிலும் ஒவ்வொரு தமிழ்நாடு தெரியும். ஃபேஸ்புக்கில் நடுவயதுக்காரர்கள் இரண்டு கையிலும் பைகளோடு எழுத்தாளர் பக்கத்தில் நின்று சிரிப்பார்கள். இன்ஸ்டாகிராமில் புது அட்டைகளைப் படுக்கையில் பரப்பி, நடுவில் ஒரு காப்பிக் கோப்பை வைத்திருப்பார்கள். வாட்ஸப்பில் எந்த அரங்கில் எது தீர்ந்துபோனது, எங்கே பத்து சதவீதத்துக்கு மேல் கழிவு தருகிறார்கள் என்று விசாரணை ஓடும். டிக்டாக்கில் மட்டும் அப்படி ஒரு காட்சி நடக்கிற சுவடே இருக்காது. 2020 ஜூன் கடைசியில் இந்தியா அதைத் தடைசெய்துவிட்டது. அங்கே தமிழில் புத்தகம் பேசுகிற கொஞ்சம் பேரும் மலேசியா, சிங்கப்பூர், இலங்கை, ஐரோப்பா என்று எங்கெங்கோ இருக்கிறவர்கள்.

தமிழ்நாட்டில் இருப்பவர்கள் பெரும்பாலும் ஏதோ ஒரு தளத்தில் காலூன்றி, அங்கே பேசப்படுவதுதான் தமிழில் வாசிக்கப்படுவது என்று நினைத்துக்கொள்கிறார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை. பக்கத்துத் தெருவில் புத்தகக் கடை இருந்தால் நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன். ரங்கூனில் உட்கார்ந்து வாசிக்கிறவளுக்கு எந்தத் தளமும் சொந்த வீடு கிடையாது. எல்லா இடத்திலும் ஒண்டுக்குடித்தனம். அதனாலேயே ஒரு வீட்டில் பேசுவது அடுத்த வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரியவில்லை என்பது எனக்குப் பளிச்சென்று தெரிகிறது.

எங்கள் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1960களின் நடுவில் தனியார் பள்ளிகள் அரசுடைமை ஆனபோது இங்கிருந்த தமிழ்ப் பள்ளிகளும் போயின. தமிழ் நாளிதழ்களும் அந்தக் காலத்தோடு நின்றன. என் தலைமுறைக்குத் தமிழ் எழுத்து கிடைத்தது கோயில் வகுப்பில்தான், அதுவும் கோடை விடுமுறையில். வீட்டில் தமிழ் பேசுவோம், கடையில் பர்மியம் பேசுவோம், படிப்பது பர்மியத்தில். தமிழ் வாசிப்பு என்பது யாராவது சென்னை போய்வந்தால் பெட்டியில் வருகிற வார இதழ். அதுவும் பத்து வீடு சுற்றி, அட்டை கிழிந்துதான் கைக்கு வரும்.

2014க்கு முன்னால் இங்கே ஒரு சிம் கார்டு வாங்க நூற்றுக்கணக்கான டாலர் வேண்டும். அந்த ஆண்டு வெளிநாட்டு நிறுவனங்கள் வந்து 1,500 கியாத்துக்கு (எங்கள் நாணயம்) சிம் விற்றதும் ஊரே போனும் கையுமாக ஆனது. அதற்குள் தமிழ் இணையத்தில் 2004இல் வலைப்பதிவுகளை ஓரிடத்தில் சேர்த்துக் காட்டுகிற தமிழ்மணம் திரட்டி தொடங்கி, வலைப்பதிவு எழுதி, பின்னூட்டத்தில் சண்டை போட்டு, சமாதானமாகி, அந்தக் காலமே முடிந்திருந்தது. அதெல்லாம் எங்களுக்குத் தெரியாது. நாங்கள் நேராக ஃபேஸ்புக்கில் போய் இறங்கினோம். இங்கே பலருக்கு இன்டர்நெட் என்றாலே அப்போது ஃபேஸ்புக்தான்.

இறங்கியதும் எழுத்துப் பிரச்சினை. பர்மியத்துக்கு ஸோஜி என்று ஒரு எழுத்துரு உண்டு. உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடு, இந்நாட்டின் வேறு மொழிகளான மொன், கரென், ஷான் எழுத்துகளுக்கு ஒதுக்கிய இடங்களையும் பர்மிய எழுத்தின் வடிவங்களுக்கு எடுத்துக்கொண்டது அது. இங்கே விற்ற போன்களில் அதுதான் நிறைந்திருந்தது. யூனிகோடு போனில் எழுதியதை ஸோஜி போனில் பார்த்தால் எழுத்துகள் இடம் மாறிக் குழம்பிக் கிடக்கும். 2019 அக்டோபர் 1 அன்றுதான் நாடு முழுக்க யூனிகோடுக்கு மாறுவதாக அரசு அறிவித்தது. யூனிகோடுக்கு முன்னால் திஸ்கி, டாப், டாம் என்று ஒன்றுக்கொன்று ஒத்துவராத குறியீடுகளோடு தமிழில் அல்லாடியவர்களுக்கு இந்தக் கஷ்டத்தை விளக்க வேண்டியதில்லை. ஒரே பதிவுக்குக் கீழே தமிழ் சரியாகவும் பர்மியம் குழம்பியும் தெரிந்த அந்த வருடங்களில், எங்கள் வீட்டில் ஒருவர் எழுதியதை இன்னொருவர் படிக்க முடியாமல் திரை நகலாக எடுத்து அனுப்பிக்கொண்டிருந்தோம்.

சரி, தளங்களுக்கு வருகிறேன்.

ஃபேஸ்புக் வாசகர் குழுக்களில் நான் கண்ட பெரிய நல்ல விஷயம், எதிர்பாராத ஆள் வந்து சேர்வது. சிவகங்கைப் பக்கத்திலிருந்து ஒருவர் தன் தாத்தாவின் பக்திப் பாடல் நூல் ஒன்றின் முதல் பக்கத்தைப் படம் எடுத்துப் போட்டிருந்தார். மூலையில் ஊதா மையில் முட்டை வடிவ முத்திரை. உள்ளே ஒரு புத்தகக் கடையின் பெயர், அதன் கீழே 'மொகல் தெரு, ரங்கூன்'. வழக்கம்போலப் பின்னூட்டங்கள் குவிந்தன. ரங்கூன் என்று யார் எழுதினாலும் தமிழ்க் குழுக்களில் இரண்டு பதில் நிச்சயம் வரும்: "எங்க தாத்தாவும் பர்மாதான்", "பர்மா பஜார்ல அத்தோ சாப்பிட்டிருக்கீங்களா?" மொகல் தெருவுக்கு இப்போது ஷ்வே பொந்தா தெரு என்று பெயர், வாரத்தில் ஒரு நாளாவது அந்த வழியாகத்தான் போகிறேன் என்று நான் எழுதினேன். உடனே அவர், "அக்கா, அந்தக் கடை இருக்கிற இடத்தை ஒரு போட்டோ எடுத்து அனுப்ப முடியுமா?" என்றார்.

முத்திரையில் கதவு எண் இருந்தது, ஆனால் எண்களெல்லாம் மாறியிருக்கும். போய்ப் பார்த்தேன். தங்க நகைக் கடைகள், மேலே பின்னிக் கிடக்கிற மின்கம்பிகள், மாடி வீடுகளிலிருந்து தெருவுக்குத் தொங்குகிற கயிறுகள் (சாமான் வாங்க, சாவி இறக்க எல்லாம் அதுதான்). சூர்த்தி பள்ளிவாசல் இருக்கிறது. புத்தகக் கடை இருந்த அடையாளம் எதுவும் இல்லை. எடுத்த படங்களை அனுப்பினேன். பதிலுக்கு அவர் நூலின் பின்னட்டையை அனுப்பினார். அதில் அந்தக் கடையில் கிடைத்த மற்ற நூல்களின் விலைப்பட்டியல் இருந்தது: பஞ்சாங்கம், கும்மிப் பாட்டு, வைத்திய நூல், கடிதம் எழுதக் கற்றுத்தரும் கையேடு. எல்லாம் அணாக் கணக்கு. ரங்கூன் தமிழர்கள் என்ன படித்தார்கள் என்பதை நான் அறிந்தது இந்த ஒரு அட்டையில்தான். கடிதக் கையேட்டை யார் வாங்கியிருப்பார்கள் என்று ரொம்ப நேரம் யோசித்தேன். ஊரில் இருக்கிற மனைவிக்கு எழுத நினைத்த ஆலைத் தொழிலாளி யாராவது இருக்கலாம்.

அந்தப் பதிவை இப்போது தேடினால் கிடைக்காது. குழுவின் தேடல் பெட்டியில் 'மொகல்' என்று போட்டால் பிரியாணிதான் வருகிறது. படங்களை அன்றைக்கே போனில் சேமித்ததால் என்னிடம் இருக்கிறது. ஆளைத் தேடித்தருவதில் ஃபேஸ்புக்குக்கு ஈடு இல்லை, ஆனால் பேசியதைப் பத்திரமாக வைத்துக்கொள்கிற இடம் அது கிடையாது. முக்கியமானது எதையும் அங்கே மட்டும் எழுதி வைக்காதீர்கள்.

அப்புறம் அந்த வாசிப்புச் சவால்கள். 'வாசிப்புச் சவால் 43/100' என்று தலைப்புப் போட்டு நாலு வரி எழுதுவார்கள். அந்த நாலில் மூன்று பின்னட்டையில் அச்சடித்தது. ஆரம்பத்தில் எனக்கும் உற்சாகமாக இருந்தது. கொஞ்ச நாளில், எண்ணிக்கை ஏற வேண்டும் என்பதற்காக எல்லாரும் எண்பது பக்கப் புத்தகமாகப் பார்த்து எடுக்கிறார்கள் என்று புரிந்தது. எழுநூறு பக்க நாவலோடு ஒரு மாதம் கிடக்கிறவர் அந்தப் பட்டியலில் சோம்பேறியாகத் தெரிவார். ஒரு குழுவில் இத்தனை நாள் பதிவு போடாவிட்டால் நீக்கம் என்று விதி வேறு.

அந்த விதியில்தான் 2021இல் நான் வெளியே போனேன். பிப்ரவரி தொடக்கத்தில் ஃபேஸ்புக், வாட்ஸப் எல்லாம் இங்கே தடுக்கப்பட்டன, அடுத்த நாளே ட்விட்டரும் இன்ஸ்டாகிராமும். விக்கிப்பீடியாவையும் விடவில்லை. மார்ச் நடுவில் மொபைல் இணையமே வாரக்கணக்கில் நின்றது. இணையம் திரும்பி, தடையைச் சுற்றிப் போக உதவுகிற விபிஎன் போட்டு உள்ளே போய்ப் பார்த்தால், 'தொடர்ந்து பங்களிக்காத உறுப்பினர்களுக்கு வாழ்த்துகள், விடைபெறுங்கள்' என்று ஒரு அறிவிப்பும் வெளியே தள்ளப்பட்ட என் கணக்கும். எழுதிக் கேட்டதற்கு, 'விதி எல்லாருக்கும் ஒன்றுதான் சகோதரி' என்று பதில் வந்தது. போகட்டும். விபிஎன் விஷயத்தில் இன்னும் ஒன்றை மட்டும் சொல்கிறேன்: 2025 ஜனவரி 1 அன்று வெளியான சைபர் பாதுகாப்புச் சட்டம் அனுமதியில்லாமல் விபிஎன் சேவை தருவதைக் குற்றமாக்கியிருக்கிறது. இதற்கு மேல் இதைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை.

இங்கே ஆட்கள் பேசிக்கொள்வது வைபரிலும் மெசஞ்சரிலும் டெலிகிராமிலும்தான். வாட்ஸப் வைத்திருப்பவர் இந்தியாவோடு ஏதோ தொடர்பு உள்ளவர் என்று அர்த்தம். ஆனால் தமிழ்நாட்டு வாசகர் குழு ஒன்றில் சேர வேண்டுமென்றால் வாட்ஸப் இல்லாமல் நடக்காது. என் அனுபவத்தில், நிஜமாகவே சேர்ந்து வாசிக்கிற வேலை அங்கேதான் நடக்கிறது. நான் இப்போது இருக்கிற குழு சின்னது. நடத்துகிறவர் திருநெல்வேலிப் பக்கம், வங்கியில் இருந்து ஓய்வுபெற்றவர். காலையில் 'இன்று 61 முதல் 80 வரை' என்று ஒரு வரி போடுவார். அவ்வளவுதான். இரவு எட்டு மணிக்கு, எங்களுக்கு ஒன்பது மணி, பேச்சு தொடங்கும். யாராவது 80ஆம் பக்கத்தைத் தாண்டிப் பேசினால், "சார், வண்டி இன்னும் அந்த ஸ்டேஷனுக்குப் போகலை" என்பார். கோபப்பட்டு நான் பார்த்ததில்லை.

ரங்கூனில் மின்சாரம் முறைவைத்துத்தான் வரும். ஒன்பது மணிக்கு எங்கள் பகுதிக்கு இல்லாத நாளில் நான் குழுவுக்குள் வருவது நள்ளிரவு தாண்டி. ஐம்பது அறுபது குரல் பதிவுகள் காத்திருக்கும். குரல் பதிவு தமிழ்நாட்டுக்காரர்களுக்குப் பிடித்த விஷயம். நடந்துகொண்டே, பஸ்ஸில் நின்றுகொண்டே, குழம்புக்குத் தாளித்துக்கொண்டே பேசுவார்கள். நெட் மெதுவாக இருக்கிற இடத்தில் ஒவ்வொன்றையும் இறக்கிக் கேட்பது பெரும்பாடு. இதை ஒருமுறை சொன்னேன். அதிலிருந்து கோவில்பட்டியில் இருக்கிற ஒரு கல்லூரி மாணவி எல்லாருடைய பேச்சையும் சுருக்கி எழுத்தில் போடுகிறாள். அவளுக்கு அது பயிற்சி என்கிறாள், எனக்கு அது உயிர். ஒரு நாள் நான் வரவில்லையென்றால் மறுநாள் காலையில் பக்க எண்ணுக்குக் கீழேயே, "என்னம்மா, கரண்ட் வந்துச்சா?" என்று சாரிடமிருந்து ஒரு வரி இருக்கும்.

டெலிகிராமில் இருக்கிற தமிழ்ப் புத்தகக் குழுக்கள் வேறு உலகம். அங்கே பேச்சே இல்லை. வருவார்கள், 'பிடிஎஃப் இருக்கா?' என்று கேட்பார்கள், எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். நேற்று வெளியான நாவல் இன்றைக்கு அங்கே இருக்கும். தமிழ்ப் புத்தகக் கடையே இல்லாத ஊரில் இருக்கிறவர்கள் எடுத்தால் என்ன தப்பு என்று எங்கள் ஆட்களே என்னிடம் வாதாடியிருக்கிறார்கள். அந்த நியாயம் எனக்குப் பாதி புரிகிறது, பாதி ஒத்துவரவில்லை. ஆயிரம் பிரதி அச்சடித்து, விற்றுமுடிய வருடக்கணக்காகிற எழுத்தாளரின் புத்தகத்தை எடுத்துக்கொண்டு, 'தமிழ் வளர வேண்டும்' என்று பேசுவது எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

தவிர, திருடாமலே கிடைப்பதைப் படித்து முடிக்க ஒரு ஆயுள் போதாது. மதுரைத் திட்டம் 1998 பொங்கலிலிருந்து தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து ஏற்றிவருகிற களஞ்சியம். ஈழத்து நூல்களுக்கு 2005இல் தொடங்கிய நூலகம் இருக்கிறது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய இதழ்களைப் பக்கம் பக்கமாகப் பார்க்கலாம். 1949இல் பாரதியில் தொடங்கிய நாட்டுடைமை வழக்கத்தால் எத்தனையோ பேருடைய எழுத்து எல்லாருக்கும் பொதுவாகியிருக்கிறது. மதுரைத் திட்டத்தின் வெறும் எழுத்துக் கோப்பு ஒரு ஒளிப்படத்தை விடச் சின்னது, எங்கள் நெட்டில் நொடியில் இறங்கும். புது நூல் வேண்டுமென்றால் சென்னையில் இருக்கிற சித்தப்பா மகன் மின்நூலுக்குப் பணம் கட்டுவான். இங்கே அவன் அம்மாவிடம் நான் கியாத்தாகக் கொடுத்துவிடுவேன். சித்தி அதில் காய்கறி வாங்கிக்கொள்வார். எங்கள் வீட்டு வங்கி முறை இது.

குட்ரீட்ஸ் பற்றி ரொம்பச் சொல்ல ஒன்றுமில்லை. 2007இல் வந்து, 2013இல் அமேசான் கைக்குப் போன தளம். என்ன படித்தேன் என்று குறித்துவைக்க நல்லது. தமிழ்ப் புத்தகங்களுக்குத்தான் தலைவலி. ஒரே நாவல் தமிழ் எழுத்தில் ஒரு பதிவாகவும், ஆங்கில எழுத்தில் மூன்று விதமான எழுத்துக்கூட்டலில் மூன்று பதிவாகவும் கிடக்கும். மதிப்புரைகள் நாலு பக்கம் சிதறியிருக்கும். புத்தகத்தை யாருமே படிக்கவில்லையோ என்று தோன்றும். யாராவது பொறுமைசாலி இவற்றை ஒன்றுசேர்த்துக் கொடுத்தால் கோயில் கட்டலாம்.

இப்போது என் அண்ணன் மகள். கல்லூரி வயது. தமிழ் நன்றாகப் பேசுவாள், எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். வைபரில் தோழிகளோடு தமிழ் பேசும்போது பர்மிய எழுத்தில் அடிப்பாள், எனக்கு வாய்விட்டுப் படித்தால்தான் புரியும். அவளுடைய தமிழ் வாசகர் உலகம் டிக்டாக்கில் இருக்கிறது. ஒருநாள், "அத்தை, இந்தக் கதை உங்ககிட்ட இருக்கா?" என்று போனைக் காட்டினாள். கிள்ளானில் இருக்கிற ஒரு பெண், மலேசியத் தமிழில், தோட்டத்து வாழ்க்கையைப் பற்றிய ஒரு நாவலை ஒரு நிமிடத்தில் சொல்லிக்கொண்டிருந்தாள். மலேசியாவில் தமிழில் இத்தனை நாவல்கள் இருக்கின்றன என்பதே என் வாட்ஸப் குழுவில் பாதிப் பேருக்குச் செய்தி. நான் சொன்னதும், "அங்கே இப்போது யார் எழுதுகிறார்கள்?" என்று ஆச்சரியமாகக் கேட்டார்கள். டிக்டாக்கில் அவர்கள் இல்லை, அந்தப் பெண் வாட்ஸப்பில் இந்தக் குழுவில் இல்லை. ரப்பர் தோட்டத்துக்கும் நெல் வயலுக்கும் நம் ஆட்கள் கப்பல் ஏறியது ஒரே கரையிலிருந்துதான். இன்றைக்கு ஒருவர் எழுதுவது இன்னொருவருக்குப் போய்ச் சேர ரங்கூனில் பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி போனை நீட்ட வேண்டியிருக்கிறது.

அவளே எனக்குப் பிரதிலிபியையும் காட்டினாள். 2014இல் பெங்களூருவில் தொடங்கிய செயலி, தொடர்கதைகளால் ஓடுவது. நம் இலக்கியக் குழுக்களில் அதன் பெயரைச் சொன்னாலே முகம் சுளிப்பார்கள். நானும் கொஞ்சம் சுளித்துக்கொண்டுதான் போனேன். கதைகளில் பல எனக்கு ஒட்டவில்லை: கோபக்கார நாயகன், கட்டாயக் கல்யாணம், நாற்பதாவது பாகத்தில் மனமாற்றம். ஆனால் பின்னூட்டங்களைப் பாருங்கள். "அடுத்த யூடி எப்போ சிஸ்?" (யூடி என்றால் அடுத்த பாகம்), "மாமியாரை இப்படி விட்டுடாதீங்க, அவங்க பக்கமும் நியாயம் இருக்கு", "எங்க வீட்லயும் இதேதான் நடந்துச்சு, அழுதுட்டேன்". ஒரு பாத்திரத்தின் நியாயத்துக்காக முகம் தெரியாத பெண்கள் இரவு பதினொரு மணிக்கு மல்லுக்கட்டுகிறார்கள். நூறு புத்தகச் சவாலில் இந்தச் சூட்டை நான் பார்த்ததே இல்லை. அண்ணன் மகள் எழுத்துக்கூட்டுவதை விட்டுச் சரளமாகப் படிக்க ஆரம்பித்தது இங்கேதான். கோயில் வகுப்பு வாத்தியார் என்னை மன்னிக்க வேண்டும்.

யூடியூபில் கதை சொல்லிகளும் ஒலிப்புத்தகங்களும் பெருகிவிட்டன. அம்மாவுக்குக் கண் மங்கியதிலிருந்து அவர் கேட்பது அதைத்தான். யாருடைய அனுமதியோடு படிக்கிறார்கள் என்று நான் கேட்டால் அம்மாவுக்குப் பிடிக்காது, "சும்மா இரு, கதை போகுது" என்பார்.

எந்தக் குழுவில் சேரலாம் என்று இங்கே யாராவது கேட்டால், ஒரே செயலியில் மூன்று குழுவில் சேராதே, மூன்று செயலியில் ஒவ்வொன்றாகச் சேர் என்றுதான் சொல்கிறேன். சேர்ந்ததும் பேசாமல் இரண்டு வாரம் பார்க்க வேண்டும். அங்கே யாராவது, 'எனக்கு இந்தப் புத்தகம் புரியவில்லை' என்று எழுதியிருக்கிறார்களா, அதற்கு என்ன பதில் வந்தது என்று பார்த்தால் போதும். கிண்டல் வந்திருந்தால் கிளம்பிவிடலாம். குழு நடத்துகிறவர்களிடமும் ஒரு விண்ணப்பம்: வாசிப்பு அட்டவணையைப் பூப்போட்ட படமாகப் போடாமல் எழுத்தாகப் போடுங்கள். கூட்டத்தை நேரலையில் நடத்தினால் பேசியதில் பத்து வரியாவது எழுதி வையுங்கள். கட்டணம் ஜிபேயில் மட்டும் என்று அறிவிக்கும் முன், அது இல்லாத நாட்டிலும் ஆள் இருக்கிறோம் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் குழுவில் அடுத்த மாதத்துக்கு இன்னும் முடிவாகவில்லை. சார் ஒரு கரிசல் நாவல் என்கிறார், கோவில்பட்டி மாணவி மொழிபெயர்ப்பு வேண்டும் என்கிறாள். நான் அந்த மலேசிய நாவலை முன்மொழிந்திருக்கிறேன். அது மின்நூலாக எங்கேயும் விற்பனைக்கு இல்லை என்பது நேற்றுத்தான் தெரிந்தது. கோலாலம்பூரிலிருந்து திருநெல்வேலிக்கு எட்டுப் பிரதி அனுப்ப என்ன செலவாகும் என்று அண்ணன் மகள் டிக்டாக்கில் அந்தப் பெண்ணிடமே கேட்டிருக்கிறாள்.